தழும்பை அறுவை சிகிச்சை இல்லாமல் வீட்டிலேயே குறைக்க முடியுமா? எது கைகொடுக்கும், எது கெடுக்கும்?

பைக்கில் இருந்து இறங்கும்போது ஒரே ஒரு நொடி. கெண்டைக்கால் சூடான சைலன்சரில் பட்டுவிடுகிறது. உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் வெந்து, கொப்பளம் கிளம்பி, உடைந்து, ஒருவழியாக ஆறுகிறது. புண் ஆறிவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் அந்த இடம் கறுத்து, தடித்து, அரிக்கத் தொடங்கும்.

குக்கர் ஆவி, தாளிக்கும்போது தெறித்த எண்ணெய், சிசேரியன் தையல், முகப்பரு, கீழே விழுந்து கிழிந்த முழங்கை என்று காரணம் எதுவாக இருந்தாலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். "இந்தத் தழும்பு போயிடுமா? ஆபரேஷன், லேசர்னு போகாம வீட்டுலயே ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும், ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான். தழும்பை முழுசாக அழிக்கும் கிரீமோ எண்ணெயோ பாட்டி வைத்தியமோ கிடையாது. அதே சமயம், முதல் ஒரு வருடத்தில் சில எளிய விஷயங்களைப் பொறுமையாகச் செய்தால், தடிப்பு, அரிப்பு, கறுப்பு மூன்றுமே கண்ணுக்குத் தெரியும் அளவு குறைய வாய்ப்பு உண்டு. அவசரப்பட்டுக் கண்டதைத் தடவினால் இருக்கிற தழும்பு இன்னும் மோசமாகவும் வாய்ப்பு உண்டு. எதை, எப்போது, எப்படிச் செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

தழும்பு ஏன் வருகிறது?

தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு முக்கிய அடுக்குகள் உண்டு. மேல்தோல் மட்டும் சிராய்த்தால் தழும்பு வராது. சில நாட்களில் புதுத் தோல் வந்துவிடும். காயம் உள்தோல் வரை இறங்கினால்தான் பிரச்சினை. அந்தப் பள்ளத்தை அடைக்க உடல் 'கொலாஜன்' என்ற புரத நாரை அவசர அவசரமாக அடுக்குகிறது. பழைய தோலில் இந்த நார்கள் கூடை முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். தழும்பில் அவை பெரும்பாலும் ஒரே திசையில் நெருக்கமாகக் கிடக்கும். அதனால்தான் தழும்பு பளபளப்பாக, விறைப்பாக இருக்கிறது. அங்கே முடி முளைப்பதில்லை, வியர்ப்பதும் இல்லை.

இந்தப் பணி புண் மூடியதோடு முடிந்துவிடுவது இல்லை. புண் ஆறிய பிறகும் உடல் அந்த நார்களைக் கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு வருடம், சிலருக்கு 2 வருடம்கூட ஆகும். வீட்டில் நாம் செய்யும் பராமரிப்பு எல்லாம் இந்தக் காலத்தில்தான் அதிகம் வேலை செய்யும். எல்லாம் முடிந்த பிறகும் தழும்புத் தோலுக்குப் பழைய தோலின் வலுவில் 80 சதவீதம் வரைதான் திரும்பும்.

உங்கள் இடது தோளைப் பாருங்கள். குழந்தையாக இருந்தபோது போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு பெரும்பாலானோருக்கு அங்கே இருக்கும். எத்தனை வருடம் ஆனாலும் அது மறையவில்லை. ஆனால் அது அங்கே இருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது. வீட்டுப் பராமரிப்பில் நாம் எதிர்பார்க்க வேண்டிய பலனும் அதுதான். தழும்பு இருக்கும், ஆனால் உறுத்தாது.

முதலில் பாருங்க: இது தழும்பா, வெறும் கறுப்புத் தடமா?

கண்ணை மூடிக்கொண்டு விரலால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோல் போலவே வழவழப்பாக இருந்து, நிறம் மட்டும் மாறியிருந்தால் அது தழும்பே அல்ல. காயத்துக்குப் பிறகு நிறமி அதிகமாகத் தேங்கிய கறுப்புத் தடம். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இது மிகவும் சகஜம். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆனாலும் பெரும்பாலும் தானாக மங்கும்.

விரலுக்கு மேடோ பள்ளமோ தட்டுப்பட்டால் அது தழும்பு. அதில் முக்கியமான வகைகள்:

- தட்டையான தழும்பு: மெல்லிய கோடு போல இருக்கும். பெரும்பாலான வெட்டுக்காயங்கள் இப்படித்தான் முடியும்.
- தடிப்புத் தழும்பு: காயம் பட்ட எல்லைக்குள்ளேயே சிவந்தோ கறுத்தோ மேடாக எழும்பும், அரிக்கும். புண் ஆறி 1 முதல் 2 மாதத்தில் தொடங்கி, சில மாதங்கள் வளர்ந்து, பிறகு மெல்ல அடங்கும். சைலன்சர் சூடு ஆழமாகப் பட்டால் அதிகம் வருவது இதுதான்.
- கீலாய்டு: காயத்தின் எல்லையைத் தாண்டி நண்டுக் கால் போலப் பரவும். காதுமடல், நெஞ்சு, தோள், தாடை ஓரம் ஆகிய இடங்களில் அதிகம். தானாக அடங்காது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.
- பள்ளத் தழும்பு: முகப்பரு, அம்மை ஆகியவை விட்டுச் செல்லும் குழிகள்.
- இழுப்புத் தழும்பு: முழங்கை, விரல், கழுத்து என மடங்கும் இடங்களில் தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி, மூட்டை மடக்கவோ நீட்டவோ விடாமல் இழுத்துப் பிடிக்கும்.

வகை தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக இருக்கும். வீட்டுப் பராமரிப்பு நன்றாகக் கேட்பது தட்டைத் தழும்பு, தடிப்புத் தழும்பு, கறுப்புத் தடம் ஆகிய மூன்றும்தான். பள்ளம், கீலாய்டு, இழுப்பு மூன்றுக்கும் வீட்டு வைத்தியத்தை மட்டும் நம்பிக் காத்திருப்பது நஷ்டம்.

தழும்பு வைத்தியம் சூடு பட்ட நிமிடத்திலேயே தொடங்குகிறது

தீக்காயம் 2 வாரத்துக்குள் ஆறிவிட்டால் தடித்த தழும்பு வருவது குறைவு. 3 வாரத்தைத் தாண்டி இழுத்தால் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எனவே புண்ணைச் சீக்கிரம் ஆற வைப்பதைவிடப் பெரிய தழும்பு வைத்தியம் வேறு இல்லை.

சூடு பட்டவுடன் கொலுசு, மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மொபைலில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 20 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளம். உடனே முடியாவிட்டால், 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும். அப்படியானால் பானையிலோ குடத்திலோ இருக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் கட்டியை மட்டும் நேரடியாக வைக்காதீர்கள். ஏற்கெனவே வெந்த தோலில் ரத்த ஓட்டத்தையும் அது குறைத்துவிடும்.

பேஸ்ட், இங்க், இட்லி மாவு, மஞ்சள், காபித் தூள் என்று நம் வீடுகளில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அப்புவார்கள். இவை எதுவும் சூட்டை இறக்காது. கிருமி சேரலாம். மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் முடியாது. ஒட்டியதைச் சுரண்டி எடுக்கும்போது புதுத் தோலும் சேர்ந்து உரியும்.

புண் ஆறும் வரை: காயவிடாதீங்க, மூடி வையுங்க

"புண்ணைக் காத்தாட விடு, அப்பத்தான் ஆறும்" என்பது நாம் கேட்டுக் கேட்டுப் பழகிய அறிவுரை. அறிவியல் சொல்வது இதற்கு நேர் எதிர். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். பன்றித் தோலில் செய்த அந்தச் சோதனையில், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதிய மேல்தோல், காற்றில் காயவிட்ட காயத்தைவிட ஏறக்குறைய 2 மடங்கு வேகமாகப் படர்ந்தது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத் தோல் நகர வழி இல்லாமல் திணறும் என்பதுதான் காரணம்.

எனவே சிறிய காயம் என்றால் தினமும் சோப்பும் தண்ணீரும் கொண்டு மென்மையாகக் கழுவி, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத துணிக்கட்டு போட்டு மூடுங்கள். கொப்பளத்தை ஊசியால் குத்தாதீர்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பத்தியம். "முட்டை, மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்" என்று காயம் பட்டவருக்கு வெறும் ரசம் சாதம் கொடுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. புதுத் தோலைக் கட்ட உடலுக்குத் தேவை புரதமும் வைட்டமின் சியும்தான். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், நெல்லிக்காய், கொய்யா எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். புகைபிடிப்பதை நிறுத்தினால் ஆறுவது வேகமாகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் சைலன்சர் சூடு பட்டால் அது சின்னக் காயம் அல்ல. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புண் மூடியாச்சு. இப்போ என்ன பண்றது?

பொருக்கு முழுவதும் உதிர்ந்து, நீர் கசிவு நின்று, மேல்தோல் மூடிய பிறகுதான் தழும்புப் பராமரிப்பு தொடங்க வேண்டும். திறந்த புண்ணில் கீழே சொல்லும் எதையும் செய்யக் கூடாது.

1. சிலிகோன் ஷீட் அல்லது ஜெல்: தடிப்புத் தழும்புக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புகளுக்குப் பயன்படுத்தி, பிறகு உலகம் முழுக்கப் பரவிய முறை. சிலிகோன் ஒன்றும் தோலுக்குள் ஊறிப் போகும் மருந்து அல்ல. தழும்பின் மேல் ஒரு மூடி போல இருந்து ஈரப்பதம் ஆவியாகாமல் பிடித்து வைக்கிறது. 'தோல் காய்ந்துபோகவில்லை' என்ற செய்தி கீழே போனதும், நார் அடுக்கும் செல்கள் வேகத்தைக் குறைக்கின்றன என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆய்வு ஆதாரம் மிக வலுவானது என்று சொல்ல முடியாது. ஆனால் வலி இல்லை, ஆபத்து குறைவு என்பதால் தழும்புக்கான சர்வதேசப் பரிந்துரைகளில் இது முன்வரிசையில் இருக்கிறது.

ஷீட் என்றால் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது 2 முதல் 3 மாதம் ஒட்ட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு முதல் நாளே 12 மணி நேரம் ஒட்டினால் வேர்க்குரு கிளம்பும். 4 மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். தினமும் ஷீட்டையும் தோலையும் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஒட்டும் தன்மை போகும் வரை அதே ஷீட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். முகம், மூட்டு போன்ற இடங்களில் ஷீட் நிற்காது. அங்கே ஜெல்லை மெல்லிய படலமாக நாளுக்கு 2 முறை தடவினால் போதும். கொழகொழவென்று அதிகம் தடவினால் காயாது, துணியில்தான் ஒட்டும்.

2. மசாஜ்: காசு செலவே இல்லாத வைத்தியம். தோல் நன்றாக மூடிய பிறகு, நாளுக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடம் செய்யலாம். விரல் நுனியால் தழும்பை, அழுத்தும்போது நிறம் லேசாக வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, வட்டமாக, மேலும் கீழுமாக, பக்கவாட்டில் என மாற்றி மாற்றித் தேயுங்கள். தேங்காய் எண்ணெயா, வாஸ்லினா, விலை உயர்ந்த கிரீமா என்று குழம்ப வேண்டாம். வேலை செய்வது விரலின் அழுத்தம்தான், எண்ணெய் வழுக்குவதற்கு மட்டும். கடைசியில் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் சிலிகோன் ஷீட்டை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. தோல் கிழிந்தாலோ, கொப்பளம் வந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

3. வெயிலில் இருந்து மறைப்பது: புதுத் தழும்பு வெயில் பட்டால் சீக்கிரம் கறுக்கும், அந்தக் கறுப்பு நீண்ட நாள் நிற்கும். துணியால் மறைப்பதுதான் முதல் வழி. சைலன்சர் தழும்புக்குப் பேன்ட், லெக்கிங்ஸ் போதும். முகம், கை போன்ற இடங்களுக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தேவை. வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவ வேண்டும். குறைந்தது ஒரு வருடம் இதை விடாமல் செய்யுங்கள். கறுப்புத் தடம் மட்டும் உள்ளவர்களுக்கு இதுதான் பிரதான சிகிச்சையே.

4. ஈரப்பதம்: வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசரைக் குளித்து முடித்த உடனே தடவினால் அரிப்பு குறையும். சொறியத் தோன்றினால் நகத்தால் சொறியாமல், குளிர்ந்த ஈரத் துணியை வையுங்கள். சொறிந்து சொறிந்து மறுபடி புண்ணாக்கினால் தழும்பு முதலில் இருந்து தொடங்கும்.

மூன்றாவது மாதம்: பலர் தவறும் இடம்

நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இது. ஆழமான காயத்தின் தழும்பு ஆறியவுடன் அழகாகத் தெரியும். பிறகு மோசமாகும். அதன் பிறகுதான் சரியாகும். புண் ஆறியபோது இளஞ்சிவப்பாக, தட்டையாக இருந்த இடம் 2-வது, 3-வது மாதத்தில் தடித்து, கறுத்து, அரித்து எடுக்கும். சிலருக்கு 6 மாதம் வரை இப்படியே இருக்கும். கொலாஜன் அடுக்கும் வேலை உச்சத்தில் இருக்கும் காலம் அது. அதன் பிறகு உடலே அதிகப்படியானதைக் கரைக்கத் தொடங்கும்.

இது தெரியாததால், "போட்ட மருந்து எதுவும் கேட்கலையே" என்று சரியாக அந்த மூன்றாவது மாதத்தில்தான் பலர் சிலிகோனையும் மசாஜையும் கைவிடுகிறார்கள். கூடவே கல்யாணம், பெண் பார்க்கும் நிகழ்ச்சி என்று தேதி நெருங்கினால் கேட்கவே வேண்டாம். யூடியூபில் பார்த்தது, பக்கத்து வீட்டில் சொன்னது, மெடிக்கல் ஷாப்பில் கொடுத்தது என எல்லாம் தோலில் ஏறும். தழும்பு நிரந்தரமாகக் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இதற்கு ஒரு எளிய வழி, மாதம் ஒருமுறை போட்டோ எடுப்பது. ஒரே இடம், ஒரே வெளிச்சம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது. 4-வது மாதப் படத்தையும் 9-வது மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். விசேஷத்துக்குப் போக வேண்டும் என்றால், தோல் மூடிய இடத்தில் கன்சீலர் மேக்கப் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. இரவில் கழுவிவிட்டால் போதும்.

கிச்சனில் இருப்பது எல்லாம் மருந்தா?

எலுமிச்சைச் சாறு: வேண்டவே வேண்டாம். கடுமையான அமிலம் என்பதால் எரிச்சல் தரும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளம் வந்து, முன்பைவிடக் கறுப்பான தடம் நிற்கும்.

சமையல் சோடா, உப்பு, சர்க்கரை ஸ்க்ரப்: தழும்பு இருப்பது உள்தோலில். மேலே எவ்வளவு தேய்த்தாலும் அது தேயாது. நல்ல தோல்தான் புண்ணாகும்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவது: இது மிகப் பிரபலம். 1999-ல் அமெரிக்காவின் மயாமியில் 15 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், 90 சதவீதத் தழும்புகளில் வைட்டமின் ஈ எந்த மாற்றத்தையும் தரவில்லை, அல்லது தோற்றத்தை இன்னும் மோசமாக்கியது. மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது.

கற்றாழை, தேங்காய் எண்ணெய்: மூடிய தோலில் ஈரப்பதத்துக்காகத் தடவலாம். இதமாக இருக்கும். தழும்பைக் கரைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தேன்: மருத்துவமனைகளில் புண்ணுக்குப் பயன்படுத்துவது கிருமி நீக்கப்பட்ட தேன். சமையலறை பாட்டிலில் இருப்பது அது அல்ல.

வெங்காயச் சாறு: வெங்காயச் சத்து சேர்த்த ஜெல்கள் கடையில் கிடைக்கின்றன. ஆய்வு முடிவுகள் கலவையாகவே உள்ளன. வெங்காயத்தை வெட்டி நேராகத் தேய்ப்பது எரிச்சலைத்தான் தரும்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் கிரீம்

வீட்டு வைத்தியங்களைவிட உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். "கறுப்பு போக ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம். முதல் சில நாள் தழும்பு வெளுத்த மாதிரி, அரிப்பு நின்ற மாதிரி இருக்கும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். முகத்தில் பருக்களும் ரோமமும் வரும். நிறுத்தினால் எரியும், சிவக்கும்.

ஸ்டீராய்டு தோல் கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதிகளை இறுக்கியது. எனவே டியூபின் மேல் உள்ள பெயர்களைப் படித்துவிட்டு வாங்குங்கள். மருத்துவர் கீலாய்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது வேறு விஷயம். அது அளவு பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் செலுத்தும் சிகிச்சை.

பெயர் தெரியாத 'ஒயிட்னிங்' கிரீம்களும் அப்படியே. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட முகப்பூச்சு கிரீம்களைப் பயன்படுத்திய சிலருக்கு அரிய வகைச் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். கிரீம்களில் இருந்த பாதரசமே காரணமாகச் சொல்லப்பட்டது. தோலில் தடவுவதுதானே என்று விட்டுவிட முடியாது.

சிசேரியன், முகப்பரு, காதுத் தழும்புக்கு என்ன செய்யலாம்?

சிசேரியன் தழும்பு: தையல் பிரித்துக் காயம் மூடிய பிறகு, மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் காகித டேப்பைத் தழும்பின் மேல் ஒட்டலாம். சிசேரியன் ஆனவர்களிடம் 12 வாரம் இப்படி டேப் ஒட்டி நடத்திய ஆய்வில், ஒட்டாதவர்களைவிடத் தடிப்பு குறைவாகவே இருந்தது. டேப் தழும்பை இரு பக்கமும் இழுபடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதே காரணம். பிரசவ வரிகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. சிவந்த வரிகள் தானாகவே வெள்ளிக் கோடுகளாக மங்கும். எந்த எண்ணெயும் அவற்றை அழிக்காது.

முகப்பரு: பரு வந்துகொண்டே இருக்கும்போது தழும்புக்கு வைத்தியம் பார்ப்பதில் பயன் இல்லை. முதலில் பருவை நிறுத்த வேண்டும். கிள்ளாமல் இருப்பதே பாதி வைத்தியம். அடாபலீன் ஜெல் பருவையும் கறுப்புத் தடத்தையும் குறைக்கும், ஆனால் பலன் தெரிய 3 மாதம் ஆகும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். கறுப்புத் தடத்துக்கு அசெலிக் ஆசிட், நியாசினமைடு கலந்த கிரீம்கள் உதவும். விழுந்துவிட்ட குழிகளை எந்த கிரீமும் நிரப்பாது. ஆன்லைனில் ஊசி உருளை வாங்கி வீட்டிலேயே முகத்தில் உருட்டுவது கிருமித் தொற்றுக்கும் புதுத் தழும்புக்கும் வழி.

கீலாய்டு: காது குத்திய இடத்தில் கட்டி போல வளர்ந்தால், நூல் கட்டி இறுக்குவதோ, சுண்ணாம்பு வைப்பதோ, வெட்டுவதோ கூடாது. வெறுமனே வெட்டி எடுத்தால், மருத்துவர் வெட்டினால்கூட, பாதிக்கும் மேற்பட்ட கீலாய்டுகள் திரும்ப வளரக்கூடியவை. சில சமயம் முன்பைவிடப் பெரிதாகவும் வளரும். இதற்கும் ஆபரேஷன் இல்லாத வழிகள் உண்டு. தோல் மருத்துவரிடம் ஸ்டீராய்டு ஊசி, உறைய வைக்கும் சிகிச்சை, அழுத்தம் தரும் காது கிளிப் எல்லாம் இருக்கின்றன. ஒருமுறை கீலாய்டு வந்தவர்கள் புதிதாகக் காது, மூக்கு குத்துவதையும் டாட்டூவையும் தவிர்ப்பதே நல்லது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

- முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் தீக்காயம், அல்லது காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய தீக்காயம்
- 2 வாரம் தாண்டியும் ஆறாத தீக்காயம், சீழ், காய்ச்சல்
- விரலையோ முழங்கையையோ கழுத்தையோ இழுத்துப் பிடிக்கும் தழும்பு. குழந்தைகளுக்கு இது வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். உடல் வளரும், தழும்பு கூடவே வளராது.
- காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும் தழும்பு
- பல வருடப் பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று வந்து ஆறாமல் இருக்கும் புண். அரிதாக இது தோல் புற்றுநோயாக இருக்கலாம்.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. பெரிய தீக்காயத்துக்கு அழுத்த உடை, பிசியோதெரபி பயிற்சி எல்லாம் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரை செய்ய வேண்டும்.

தழும்பு காரணமாக வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதுவும் காயத்தின் ஒரு பகுதிதான்.

சுருக்கமாக, ஒரு வருடக் காலண்டர்

- முதல் நாள்: 20 நிமிடம் தண்ணீர். வேறு எதுவும் அப்ப வேண்டாம்.
- முதல் 2, 3 வாரம்: கழுவி, ஜெல்லி தடவி, மூடி வைப்பது. புரத உணவு.
- தோல் மூடியதில் இருந்து 3 மாதம்: சிலிகோன், மசாஜ், வெயில் மறைப்பு, மாய்ஸ்சரைசர்.
- 3 முதல் 6 மாதம்: மோசமாகத் தெரியும், பயப்படாமல் தொடருங்கள். ஆனால் எல்லை தாண்டிப் பரவினால் மருத்துவர்.
- 6 முதல் 12 மாதம்: மெல்ல அடங்கும். சன்ஸ்கிரீனை மட்டும் விடாதீர்கள்.
- ஒரு வருடத்துக்குப் பிறகு: அப்போதும் உறுத்தினால் லேசர், ஊசி, அறுவை சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

வருடக்கணக்கான பழைய தழும்பு என்றால் வீட்டுப் பராமரிப்பில் பெரிய மாற்றம் வராது. அங்கே பணத்தைக் கிரீம்களில் கரைப்பதைவிட ஒருமுறை தோல் மருத்துவரைப் பார்ப்பதே சிக்கனம். புதுத் தழும்பு என்றால், மூன்றாவது மாதத்தில் மனம் தளராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.